மெட்ராஸ் மேக் பழைய பிளாக் அண்ட் ஒயிட் டிவி, ஷட்டர் கதவு வச்சது. பிளக் சொருகுறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்?

பெரம்பூர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். பெரியப்பா வீட்டை இடிச்சு ஃப்ளாட் கட்டப் போறாங்க, மாடி ரூம் மூலைல போர்வை போத்தி கிடந்த டிவி இப்ப என்கிட்ட வந்திருக்கு. 20 இஞ்ச், பிளாக் அண்ட் ஒயிட், மரப்பெட்டி, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் நடுவுக்கு இழுத்து மூடுற ஷட்டர், சாவி போட்டு பூட்டுற மாதிரி. நாலு கால்ல ஒண்ணு இல்ல. முன்னாடி பேட்ஜ் இருந்த இடத்துல ரெண்டு ஓட்டை மட்டும்தான் இருக்கு, அதனால என்ன கம்பெனின்னு தெரியல, மெட்ராஸ்லயே செஞ்சது அப்படின்னு மட்டும் பெரியப்பா சொல்றாரு. கூடவே போஸ்ட் ஆபீஸ்ல பணம் கட்டி முத்திரை குத்தின டிவி லைசென்ஸ் புக்கும் கெடச்சுது, அதுல முதல் முத்திரை 1979.

பின்னாடி ஓட்டை வழியா டார்ச் அடிச்சு பாத்தா உள்ள வால்வும் இருக்கு டிரான்சிஸ்டரும் இருக்கு, ஒரே தூசி, ஒரு ஓரத்துல பல்லி முட்டை ஓடு. சேனல் நாப் 2லேர்ந்து 12 வரைக்கும் டக் டக்னு நல்லா திரும்புது. இருபது வருஷத்துக்கு மேல கரண்டே குடுக்கல.

மாமா பையன் சும்மா சொருகி பாருடா, ஓடினா ஓடட்டும்ங்கிறான். எனக்கு மனசு வரல. இன்னொருத்தர் உள்ள இருக்கிறத எல்லாம் காயலான் கடைல போட்டுட்டு எல்ஈடி பேனல் வச்சுக்கோன்னு சொன்னாரு, அதுவும் வேண்டாம்னு தோணுது, எனக்கு இது அது மாதிரியே ஓடணும். பிக்சர் டியூப் நல்லா இருக்கான்னு கரண்ட் குடுக்காமயே பாக்க முடியுமா, ரிச்சி ஸ்ட்ரீட்ல இன்னும் இதுக்கு சாமான் கெடைக்குதா, தூர்தர்ஷன் ஆன்டெனா ஒளிபரப்பே நின்னு போன காலத்துல இதுக்குள்ள படத்த எப்படி குடுக்கிறது, தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. சால்டரிங் ஓரளவுக்கு வரும், மல்டிமீட்டர் இருக்கு. ஆனா வால்வு செட்டு இதுவரைக்கும் தொட்டதில்ல.


பழைய_மெக்கானிக்:

தம்பி, சொருகாதீங்க. உங்க மனசு சொன்னதுதான் சரி.

வால்வும் டிரான்சிஸ்டரும் கலந்து இருக்குன்னா அது ஹைபிரிட் செட்டு, 1979 முத்திரைக்கு சரியா பொருந்துது. மெட்ராஸ்ல 1975 ஆகஸ்ட் 15தான் டிவி ஸ்டேஷன் ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் வந்த அஞ்சாறு வருஷத்துல நான் பெஞ்ச்ல போட்டு பாத்ததுல பாதி இந்த ரகம்தான். மெட்ராஸ் மேக்குன்னா சாலிடேர், டயனோரா ரெண்டும் உடனே ஞாபகம் வரும், ஆனா அப்ப சின்னச் சின்ன ஆளுங்களும் அசெம்பிள் பண்ணி வித்தாங்க, சேசிஸ் (சாமான் எல்லாம் மாட்டின உள் இரும்புச் சட்டம்) போட்டோ போட்டீங்கன்னா ஏதாவது சொல்ல முடியும்.

மொதல்ல ஒரு விஷயம் தலைல ஏத்திக்குங்க, இந்த செட்டுல பவர் டிரான்ஸ்பார்மரே இருக்காது. பேஸ் நேரா ஒரு பிஒய்127 டயோடு வழியா உள்ள போகும், நியூட்ரல் நேரா சேசிஸ்ல. அது ரெண்டு பின் பிளக், நீங்க திருப்பி சொருகினா சேசிஸ் முழுக்க 230 வோல்ட். நாப் கழண்டு வந்து அந்த இரும்புத் தண்ட தொட்டாலே அடிக்கும். அதனால கரண்ட் லைன்லேர்ந்து செட்ட பிரிச்சு வைக்கிற ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாம வேலை செய்யவே கூடாது. ஹாஃப் வேவ் டயோடு இருக்கிறதால டிரான்ஸ்பார்மர் சீக்கிரம் சூடாகும், 500 விஏ எடுத்துக்குங்க, சின்னது பத்தாது. டிம்மர்ஸ்டாட் இருக்கேன்னு சில பேர் அதையே நம்பி வேலை செய்வாங்க, அது வோல்ட்டேஜ கூட்டும் குறைக்கும் அவ்ளோதான், கரண்ட் லைன்லேர்ந்து பிரிக்காது. ரெண்டும் வேணும்.

அடுத்தது டியூபு. பின் அட்டைய கழட்டி டியூபோட கழுத்து கிட்ட கண்ணாடி உள்பக்கம் பாருங்க, வெள்ளி பூசின மாதிரி ஒரு திட்டு இருக்கும், அதுக்கு பேரு கெட்டர். அது கண்ணாடி மாதிரி மினுமினுன்னு இருந்தா வேக்குவம் இருக்குன்னு அர்த்தம். பால் மாதிரி வெள்ளையா மாறியிருந்தா உள்ள காத்து புகுந்துடுச்சு, ஒண்ணும் பண்ண முடியாது. கெட்டர் நல்லா இருந்தா சாக்கெட்ட மெதுவா நேரா இழுத்து கழட்டிட்டு ஹீட்டர் பின் ரெண்டுக்கும் நடுவுல மீட்டர் வச்சு பாருங்க, சில ஓம் காட்டினா ஹீட்டர் உயிரோட இருக்கு. கழுத்த மட்டும் தட்டிடாதீங்க, டியூப்லயே மெல்லிசான இடம் அதான், உடைஞ்சா அதோட சரி. ஆனோட் கேப்ப (டியூபுல ஹை வோல்ட்டேஜ் வயர் சேர்ற இடத்து ரப்பர் மூடி) தொடுறதுக்கு முன்னாடி டிஸ்சார்ஜ் பண்ணிடுங்க, ஓடுறப்ப அங்க 15,000 வோல்ட்டுக்கு மேல நிக்கும். டியூபுக்கு வெளிய கறுப்பா ஒரு பூச்சு இருக்கும், அது மேல பின்னல் வயர் ஒண்ணு படிஞ்சு இருக்கும், அந்தப் பின்னல் வயருக்குத்தான் ரெசிஸ்டர் வச்சு டிஸ்சார்ஜ் பண்ணணும், கண்ட இடத்துல ஷார்ட் பண்ணினா டிரான்சிஸ்டர் போயிடும். இத்தனை வருஷம் சும்மா இருந்த டியூப்ல சார்ஜ் நிக்காதுதான். இருந்தாலும் பழக்கத்த மொதல் நாளே கையில ஏத்திக்குங்க.

டிஒய்802 தவிர மத்த வால்வு ஹீட்டர் எல்லாமே சீரீஸ், 300 மில்லி ஆம்ப். கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி ஒண்ணு போனா மொத்தமும் அணைஞ்சிடும், டியூப் ஹீட்டரும் அதே வரிசைலதான். அதனால ஒவ்வொரு வால்வையும் கழட்டி ஹீட்டர் பாத்துட்டு, பின்ன சுத்தம் பண்ணி, அதே இடத்துல திருப்பி வையுங்க. பிஎல்504, பிஒய்88, பிசிஎல்805, டிஒய்802 இதெல்லாம் இருக்கும்னு நினைக்கிறேன். மேல இருக்கிற எழுத்த விரலால தேய்க்காதீங்க, அழிஞ்சிடும்.

அப்புறம்தான் கண்டென்சர். அலுமினிய டப்பா மாதிரி நிக்குற பெரிய பில்டர் கண்டென்சர் இத்தனை வருஷத்துல காஞ்சிருக்கும், அத நம்பி கரண்ட் குடுக்க வேண்டாம். பழைய டப்பாவ கழட்டி எறியாதீங்க, மேல அப்படியே நிக்கட்டும், வயர மட்டும் பிரிச்சிட்டு அடியில புதுசு வச்சு சால்டர் பண்ணுங்க, பாக்குறதுக்கு செட்டு மாறாது. மெழுகு பூசின பேப்பர் கண்டென்சர் இருந்தா அதையும் மாத்துங்க. எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்லயே கெடைக்கும், 105 டிகிரி, வோல்ட் ரேட்டிங் பழசுல இருக்கிறதுக்கு சமமாவோ மேலயோ. லேபிள் மேல லேபிள் ஒட்டின சரக்கும் அங்க வருது, மீட்டர்ல அளந்துட்டு போடுங்க.

இதெல்லாம் முடிஞ்ச பிறகு 100 வாட் குண்டு பல்ப சீரீஸ்ல போட்டு குடுங்க. பல்பு பளிச்சுன்னு எரிஞ்சு மங்கினா நல்லது, அப்படியே முழுசா எரிஞ்சா எங்கயோ ஷார்ட். அதுக்கப்புறம் பல்ப எடுத்துட்டு டிம்மர்ஸ்டாட்ல கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம், ரூம் இருட்டா இருக்கட்டும், கண்ணு பிஎல்504 மேலயே இருக்கட்டும். அந்த பிளேட்டு சிவக்க ஆரம்பிச்சா உடனே ஆஃப் பண்ணுங்க, அத ஓட்டுற ஆசிலேட்டர் சிக்னல் வரலன்னு அர்த்தம், விட்டா வால்வும் போகும் எல்ஓடியும் (லைன் அவுட்புட் டிரான்ஸ்பார்மர்) போகும். எல்ஓடி போனா அதுக்கு மாத்து கெடைக்கிறதுதான் இன்னிக்கு பெரிய பாடு.

லைன் செக்ஷன் (திரைல கோட்ட இடமிருந்து வலமா இழுக்குற பகுதி) ஓட ஆரம்பிச்சா மெல்லிசா ஒரு விசில் சத்தம் வரும், 15,625 ஹெர்ட்ஸ். என் காதுக்கு அது இப்ப எட்டல, பேரன கூப்பிட்டு பக்கத்துல நிக்க வச்சு கேக்குறேன்.


அண்ணாநகர்_ஆன்டெனா:

மெக்கானிக் சார் சொன்னதுக்கு மேல அந்த பக்கம் சொல்ல ஒண்ணும் இல்ல, அத அப்படியே பிரிண்ட் எடுத்து பெஞ்ச்ல ஒட்டிக்குங்க ப்ரோ. நான் சிக்னல் பக்கம் மட்டும் எழுதுறேன், ஏன்னா செட்டு ரெடியாகி இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க.

தூர்தர்ஷன் அனலாக் ஒளிபரப்பு 2021 வாக்குல பெரும்பாலும் நின்னு போச்சு, அதனால நம்ம வீட்டுக்குள்ளயே நாம ஒரு குட்டி ஸ்டேஷன் வச்சுக்கணும். அதுக்குப் பேரு ஆர்எஃப் மாடுலேட்டர். மொபைல்லயோ லேப்டாப்லயோ இருந்து எச்டிஎம்ஐ டு ஏவி கன்வெர்ட்டர், அதுலேர்ந்து மாடுலேட்டர், அதுலேர்ந்து டிவி ஆன்டெனா திருகு. கேக்க சிம்பிளா இருக்கும், ஆனா ஆன்லைன்ல கெடைக்கிற மாடுலேட்டர் நிறைய அமெரிக்கா ஸ்டாண்டர்ட்ல வருது, அதுல படத்துக்கும் சவுண்டுக்கும் நடுவுல 4.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி, நம்ம ஊர் செட்டு எல்லாம் 5.5க்கு செஞ்சது. படம் வரும் சவுண்ட் மட்டும் வராது, செட்டுல ஏதோ ரிப்பேர்னு நினைச்சு நல்லா இருக்கிற சவுண்ட் போர்ட நோண்ட ஆரம்பிச்சிடுவாங்க. வாங்கும்போதே நம்ம ஊர் ஸ்டாண்டர்டான பால் பி/ஜின்னு (PAL B/G) போட்டிருக்கா பாருங்க. கன்வெர்ட்டர்லயும் பால்னு ஒரு சுவிட்ச் இருக்கும் அத தள்ளிடுங்க, அப்பதான் 625 லைன் 50 ஹெர்ட்ஸ் வரும்.

இன்னொண்ணு, உங்க டியூனர் விஎச்எஃப் மட்டும்தான், 2லேர்ந்து 4 வரைக்கும் கீழ் பேண்ட், 5லேர்ந்து 12 மேல் பேண்ட். வீட்ல பழைய விசிஆர் இருக்கு அதோட ஆர்எஃப் அவுட்ட சொருகலாம்னு தோணும், ஆனா விசிஆர் நிறைய யூஎச்எஃப்ல (விஎச்எஃப்புக்கு மேல இருக்கிற அலைவரிசை) குடுக்கும், உங்க நாப் எங்க திருப்பினாலும் அது சிக்காது.

என்னைக் கேட்டா பெஸ்ட்டு, கேபிள்காரங்க கண்ட்ரோல் ரூம்ல (ஹெட் எண்ட்) வச்சிருந்த பழைய மாடுலேட்டர்தான். சென்னைல 2003லயே செட் டாப் பாக்ஸ் ஆரம்பிச்சாச்சு, அப்புறம் கேபிள் மொத்தமா டிஜிட்டல் ஆயிடுச்சு, அந்த அனலாக் மாடுலேட்டர் எல்லாம் ரேக்கோட கழட்டி ஸ்க்ராப்புக்கு போச்சு. உங்க ஏரியா கேபிள்காரர்கிட்ட கேளுங்க, குடோன்ல ஒண்ணு ரெண்டு கெடக்கும், இல்லன்னா ரிச்சி ஸ்ட்ரீட் உள் சந்துகள்ல தேடுங்க. நம்ம ஸ்டாண்டர்ட்லயே இருக்கும், படம் கல்லு மாதிரி நிக்கும். ஒரே சேனல்ல ஃபிக்ஸ் ஆகியிருக்கும், 5லேர்ந்து 12க்குள்ள எதுவா இருந்தாலும் ஓகே. ஆனா எஸ் சேனல்னு போட்டிருந்தா எடுக்காதீங்க, உங்க டியூனருக்கு அது கெடையாது. அவுட்புட் ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கும், நடுவுல சிக்னல குறைக்கிற அட்டெனுவேட்டர் போடுங்க, இல்லன்னா படம் இழுத்துக்கிட்டு வளையும்.

பின்னாடி ரெண்டு திருகு இருக்கே அது 300 ஓம், அந்தக் கால தட்டை ரிப்பன் வயருக்கு. நம்ம கோஆக்சியல் கேபிள் 75 ஓம். நடுவுல ஓம் பொருத்துற ஒரு சின்ன பேலன், விலை கம்மியான சாமான், அத விட்டுட்டு நேரா வயர சுத்தினா படம் ரெண்டு ரெண்டா தெரியும். அது லைவ் சேசிஸ் செட்டுங்கிறதால ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாம லேப்டாப்ப எந்தக் காரணத்துக்காகவும் கனெக்ட் பண்ணாதீங்க.

கலர் வீடியோவ அப்படியே குடுத்தா திரை மேல பொடிப் பொடியா புள்ளி ஓடும், அது 4.43 மெகாஹெர்ட்ஸ் கலர் சிக்னல். பிளேயர்ல சாச்சுரேஷன (கலர் அளவ) ஜீரோ வச்சிட்டு 4:3ல குடுங்க, அப்புறம் பாருங்க அந்த கறுப்பு வெள்ளையோட அழக. பழைய சிவாஜி படத்துல முகத்துல விழுற நிழல எந்த எல்ஈடிலயும் அந்த மாதிரி பாக்க முடியாது, திரைக்கு உள்பக்கம் பூசின பாஸ்பர்ல வர்ற வெளிச்சமே வேற.

ஸ்பேர் வால்வுக்கு பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்கு காலைல சீக்கிரம் போங்க. அங்க முழு செட்டும் வரும், ஆனா பாதி செட்டுல தாமிரத்துக்காக டியூப் கழுத்துல இருக்கிற சுருளான யோக்க வெட்டி எடுத்துட்டு டியூப் கழுத்த ஒடிச்சு வச்சிருப்பாங்க, பாக்கவே வயிறு எரியும். போர்டும் வால்வும் இருந்தா அத வாங்கி வையுங்க, பெல் கம்பெனி (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) முத்திரை போட்ட வால்வு கெடைச்சா விடவே விடாதீங்க, பெங்களூர்ல செஞ்சது, தரமான சரக்கு.


தேக்குப்பலகை:

எங்க வீட்ல மூணு தலைமுறையா தச்சு வேலை, பெட்டி பத்தி யாரும் பேசலையேன்னு எழுதுறேன் தம்பி. மொதல்ல சேசிஸயும் டியூபையும் வெளிய எடுத்த பிறகுதான் மரத்துல கை வைக்கணும், உள்ள வச்சிக்கிட்டே உப்புத்தாள் போட்டா அந்தத் தூள் எல்லாம் டியூனருக்குள்ள போய் உக்காந்துக்கும்.

பெட்டிய குப்புற சாச்சு அடிப்பலகைய பாருங்க. மண்ணு பாதை மாதிரி இருந்தா கரையான், பொடி ஓட்டையும் கீழ மாவு கொட்டினதும் இருந்தா மரம் உளுத்திருக்கு. ரெண்டுக்கும் கரையான் மருந்த சிரிஞ்சுல ஏத்தி ஒவ்வொரு ஓட்டையிலயும் விட்டு, பாலிதீன் சுத்தி சில நாள் வையுங்க. ரொம்ப மெத்துன்னு ஆன இடத்த வெட்டி எடுத்துட்டு அதே மர ஜாதில ஒட்டு போடுங்க, எம்சீல் வச்சு அடைச்சா மேல பாலிஷ் பிடிக்காது.

வெளிய இருக்கிறது முழு தேக்கா இருக்காது, பிளைவுட் மேல தேக்கு வினியர். அது காகிதம் மாதிரி மெல்லிசு, மெஷின் போட்டு தேய்ச்சா ஒரே நொடில ஓட்டை. கையாலதான் பண்ணணும், ரேகை போற திசைலயே. உப்பிக்கிட்டு இருக்கிற இடத்துல பிளேடால சின்னதா கீறி பசைய உள்ள தள்ளி மேல பலகை வச்சு வெயிட் ஏத்துங்க. பழைய பெட்டிகள்ல வஜ்ரம்னு சொல்ற தோல் பசை போட்டு ஒட்டியிருந்தா ஈரத்துணி போட்டு அயர்ன் பாக்ஸ் வச்சாலே திரும்ப இளகி ஒட்டிக்கும், மொதல்ல அத முயற்சி பண்ணுங்க.

ஷட்டர்தான் இதுல உயிர். மெல்லிசு மெல்லிசான பட்டைகள பின்னாடி ஒரு துணில ஒட்டியிருப்பாங்க, அந்தத் துணி இத்தனை வருஷத்துல இத்துப் போயிருக்கும், வேகமா இழுத்தீங்கன்னா பட்டை எல்லாம் கொட்டிடும், அதனால இப்போதைக்கு இழுக்காதீங்க. பெட்டியோட பின்பக்கம் வழியா ஷட்டர மெதுவா வெளிய எடுத்து, பட்டைக்கு நம்பர் போட்டு, முகம் கீழ இருக்கிற மாதிரி வரிசையா அடுக்கி, மூலைமட்டத்த வச்சு நேர் பாத்துட்டு, பழைய துணிய உரிச்சு எடுங்க. புதுசா காடாத்துணிய ஒரு தடவை நனைச்சு காய வச்சு சுருங்க விட்டுட்டு பெவிகால் மெல்லிசா தடவி ஒட்டுங்க. ரெண்டு ஓரமும், அதாவது பள்ளத்துல ஓடுற இடம், அங்க துணியும் படக்கூடாது பசையும் படக்கூடாது. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவுல பசை இறங்கிடுச்சுன்னா அது வளையாது. காஞ்ச பிறகு பள்ளத்துல மெழுகுவர்த்திய தேய்ச்சு விடுங்க, வழுக்கிக்கிட்டு போகும்.

பாலிஷ் விஷயத்துல ஒரு வேண்டுகோள், கண்ணாடி மாதிரி பளபளக்கிற பாலியூரிதேன் அடிக்காதீங்க. பிரெஞ்ச் பாலிஷே போடுங்க, பஞ்ச துணில கட்டி கையால. மழைக்காலம் விட்டு பண்ணுங்க, காத்துல ஈரம் இருந்தா பாலிஷ் வெளுத்துப் போகும். ஐப்பசி கார்த்திகைல தொடவே வேண்டாம். காணாமப் போன காலுக்கு மத்த கால்ல ஒண்ண கொண்டு போய் காட்டினா கடைசல் பட்டறைல அதே மாதிரி கடைஞ்சு குடுப்பாங்க.


வேளச்சேரி_ராடு:

இவ்ளோ மெனக்கெடணுமா பாஸ்? ஒருவேளை டியூப் போயிருந்தா எல்ஈடி பேனல் வைக்கிறதுல தப்பில்லன்னுதான் சொல்வேன், பெட்டியாவது வீட்ல இருக்குமே.


அண்ணாநகர்_ஆன்டெனா:

அந்த நிலைமை வந்தாலும் வேண்டாம்னுதான் சொல்வேன் ப்ரோ. டியூப் போனாலும் அந்த சேசிஸ்ல இருக்கிற எல்ஓடி, யோக், டியூனர் எல்லாம் இன்னொரு ஊர்ல இன்னொருத்தர் செட்டுக்கு உயிர் குடுக்கும். புதுசா எங்கயும் யாரும் அத செய்றதில்ல. 20 இஞ்ச் டியூபும் தேடினா கெடைக்கும், நல்ல டியூபோட பெட்டி மட்டும் உளுத்துப் போன செட்டு சந்தைல வந்துக்கிட்டேதான் இருக்கு. அடுத்தது, டியூப் கண்ணாடில ஈயம் இருக்கு, காயலான் கடைல உடைச்சுப் போட்டா மண்ணுக்குத்தான் போகும். வச்சிருங்க, ஆள் தேடி வருவாங்க.


பெரம்பூர்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பொறுமையா எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல. கெட்டர் நல்லா வெள்ளியா மினுங்குது, ஹீட்டரும் மீட்டர்ல காட்டுது. சார் சொன்ன நாலு வால்வும் இருக்கு, ஒண்ணும் அத்துப் போகல. பில்டர் மாத்தியாச்சு, ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வாங்கி சீரீஸ் பல்புல குடுத்தேன், பளிச்சுன்னு எரிஞ்சு மங்கிடுச்சு. டிம்மர்ஸ்டாட்ல ஏத்தினப்ப வால்வு எல்லாம் ஒண்ணொண்ணா ஆரஞ்சா எரிஞ்சுது, பிஎல்504 சிவக்கல, விசில் சத்தம் எனக்கு நல்லா கேக்குது சார், ஸ்பீக்கர்ல இரைச்சலும் வருது.

ஆனா திரைல நடுவுல படுக்கவசத்துல ஒரே ஒரு கோடு, பயங்கர வெளிச்சமா. உடனே ஆஃப் பண்ணிட்டேன். இன்னொண்ணு, ஆனோட் கேப் கிட்ட இருட்டுல நீலமா மினுக் மினுக்னு தெரிஞ்சுது, ஒரு மாதிரி வாசனையும் வந்துச்சு.


பழைய_மெக்கானிக்:

தம்பி, இது நல்ல சேதி. கோடு வருதுன்னா டியூபு, எல்ஓடி, லைன் செக்ஷன் எல்லாம் ஓடுதுன்னு அர்த்தம், வெர்டிகல் (படத்த மேலயும் கீழயும் பரப்புற பகுதி) மட்டும்தான் தூங்குது. ஆஃப் பண்ணினது சரியான வேலை, அந்தக் கோட அதே வெளிச்சத்துல விட்டா பாஸ்பர் எரிஞ்சு நிரந்தரமா தழும்பு விழுந்துடும். இனிமே பிரைட்னஸ முழுக்க குறைச்சு, கோடு தெரிஞ்சும் தெரியாம வச்சிக்கிட்டு வேலை பாருங்க.

வெர்டிகலுக்கு பிசிஎல்805தான் பொறுப்பு. ஹீட்டர் எரியுறதால மட்டும் வால்வு நல்லதுன்னு ஆகாது, அதனால முதல்ல வேற ஒண்ணு போட்டுப் பாருங்க. அப்பவும் கோடுதான்னா அதோட கேத்தோடுல இருக்கிற சின்ன எலக்ட்ரோலிட்டிக்கையும் பக்கத்துல இருக்கிற ரெசிஸ்டரையும் பாருங்க, அந்த ரெசிஸ்டர் சூட்டுல கருகி வேல்யூ ஏறியிருக்கும். வெர்டிகல் ஹோல்ட், ஹைட் கண்ட்ரோல் ரெண்டுலயும் காண்டாக்ட் கிளீனர் அடிச்சு முன்னயும் பின்னயும் திருப்புங்க. வால்வு பேஸ்ல டிரை சால்டர் இருக்கும், லென்ஸ் வச்சுப் பாத்தா வளையம் மாதிரி விரிசல் தெரியும், எல்லாத்தையும் ஒரு தடவை திரும்ப சால்டர் பண்ணிடுங்க.

நீலமா தெரிஞ்சது ஈஎச்டி (ஆனோட் கேப்புக்கு வர்ற ஹை வோல்ட்டேஜ்) கசிவு. நம்ம ஊரு கடல் காத்து, உப்பும் ஈரமும் தூசியோட சேந்து ஆனோட் கேப்ப சுத்தி படிஞ்சிருக்கும். டிஸ்சார்ஜ் பண்ணிட்டு ரப்பர் கேப்ப கழட்டி, கேப் உள்பக்கமும் டியூப் கண்ணாடியும் ஐசோ புரொப்பைல் ஆல்கஹாலால துடைச்சு, ஹேர் டிரையர் போட்டு நல்லா காய விடுங்க. ரப்பர்ல வெடிப்பு இருந்தா மாத்தணும். எல்ஓடி மேலயும் பிரஷ்ஷால தூசி தட்டி காய வச்சுட்டு அப்புறம் குடுங்க. சேசிஸ் அடிப்பக்கம் ஒரு போட்டோ போடுங்க, எந்த ரெசிஸ்டர்னு வட்டம் போட்டு காட்டுறேன்.